கண் தெரிகிறது, அசைவு தெரியவில்லை

சுவரில் முள் கடிகாரம் இருந்தால் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். நொடி முள் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. நிமிட முள்ளும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது ஓடுவது தெரிவதில்லை. முன்பு மூன்றின் மேல் நின்றது, இப்போது நான்கின் மேல் நிற்கிறது, அப்படியானால் நகர்ந்திருக்கிறது என்று நாமாகப் புரிந்துகொள்கிறோம். நொடி முள்ளின் அசைவைப் பார்க்கிறோம். நிமிட முள்ளின் அசைவைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரிதான். மூளையில் ஒரு குறிப்பிட்ட இடம் அடிபட்டால் நொடி முள்ளும் நிமிட முள் போல ஆகிவிடும். கடிகாரத்தில் மட்டுமல்ல, நடந்து வரும் மனிதர், உருண்டு வரும் பந்து, குழாயிலிருந்து விழும் தண்ணீர் என்று எதைப் பார்த்தாலும் அப்படித்தான். நிறம் தெரியும், எழுத்து தெரியும், முகம் தெரியும். அசைவு மட்டும் இருக்காது. மருத்துவத்தில் இதற்கு அகினிடாப்சியா என்று பெயர். தமிழில் அசைவுக் குருடு என்று சொல்லலாம்.

இது மிக அரிதான கோளாறு. இருந்தும் பார்வையைப் பற்றிப் படிக்கும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. பார்ப்பது என்றால் என்ன என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதையே இது புரட்டிப் போட்டுவிடுகிறது.

தேநீர் ஊற்ற முடியாத பெண்

1978இல் ஜெர்மனியில் நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்கு, மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய சிரை ஒன்றில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் மூளையின் பின்பக்கத்தில், இடது வலது இரண்டு பக்கங்களிலும் சேதம் ஏற்பட்டுவிட்டது. மருத்துவ நூல்களில் அவர் எல்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடப்படுகிறார். மியூனிக் நகரில் யோசப் ட்சீல் என்ற நரம்பியல் உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் அவரைப் பல மாதங்கள் சோதித்து, 1983இல் விரிவாக எழுதினார்கள். இந்தக் கோளாறைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. தன் அனுபவத்தை அவர் பொறுமையாகவும் துல்லியமாகவும் சொன்னதற்கு நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர் சொன்னவற்றில் பலரும் மறக்காதது தேநீர் ஊற்றுவது. நமக்கு இது யோசிக்கவே தேவையில்லாத வேலை. கெண்டியைச் சாய்க்கிறோம், தேநீர் இறங்குகிறது, கோப்பைக்குள் மட்டம் ஏறுகிறது, விளிம்பை நெருங்கும்போது கை தானாக நிமிர்ந்துவிடுகிறது. எல்.எம். பார்த்தது வேறு. கெண்டியின் மூக்கிலிருந்து இறங்கும் தேநீர் அவருக்கு உறைந்துபோன பனிக்கட்டி மாதிரி, அசையாமல் நிற்கும் ஒரு தண்டாகத் தெரிந்தது. கோப்பைக்குள் மட்டம் ஏறுவது தெரியவில்லை. எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தேநீர் வழிந்து ஓடியது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கோப்பை காலியாக இருப்பதும் அவருக்குத் தெரியும், நிறைந்திருப்பதும் தெரியும். இடையில் இருப்பதுதான் தெரியவில்லை. மட்டம் ஏறும் வேகம் தெரிந்தால்தானே இன்னும் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று கைக்குத் தெரியும்? நம் கை நிற்பது கோப்பை நிரம்பிய பிறகு அல்ல, நிரம்பப் போவதற்கு முன்பு. அந்த முன்னறிவுதான் போய்விட்டது.

வீட்டுக்குள் இரண்டு பேருக்கு மேல் நடமாடினால் அவருக்குப் பதற்றமாக இருந்தது. ஒருவர் இங்கே நிற்பார், அடுத்த கணம் அங்கே நிற்பார், இங்கிருந்து அங்கே போனதை அவர் பார்த்திருக்க மாட்டார். ஆட்கள் திடீர் திடீரென்று முளைப்பது போலிருக்கும். எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். தெருவைக் கடப்பதோ உயிர்ப் பிரச்சினை. தூரத்தில் கார் ஒன்று தெரியும். சரி, தூரத்தில்தானே இருக்கிறது என்று காலை எடுத்து வைத்தால், அந்தக் கார் பக்கத்தில் நிற்கும். அது கார் என்பதையும் அதன் நிறத்தையும் சொல்வதில் அவருக்குச் சிரமமே இல்லை. அது வந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

பேச்சும் கடினமாயிற்று. இதை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காதில் குறை இல்லையே, பேச்சுக்கு என்ன வந்தது? யோசித்தால் புரிகிறது. எதிரில் இருப்பவரின் உதடு, புருவம், தலையசைப்பு எல்லாம் அசைவுகள்தாம். யார் பேசப் போகிறார், எங்கே நிறுத்தப் போகிறார் என்பதை நாம் முகத்தின் அசைவிலிருந்தும் பிடிக்கிறோம். எல்.எம்.முக்கு அந்த வாயும் முகமும் அசையாமல் நின்றன, குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர்கள் சோதித்தபோது மற்ற பார்வைத் திறன்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. கூர்மை இருந்தது, நிறங்களைப் பிரித்தறிந்தார், பொருள்களையும் சொற்களையும் அடையாளம் கண்டார். கையின் தோல்மேல் ஒன்றை இழுத்தால் அது நகர்வதை உணர்ந்தார். நகரும் ஒலியைக் காதால் பின்தொடர்ந்தார். அதாவது அசைவு என்ற கருத்தே மூளையிலிருந்து அழிந்துவிடவில்லை. கண் வழியாக வரும் அசைவு மட்டும்தான் போயிருந்தது.

அதிலும் முழுக்கப் போகவில்லை. மிக மெதுவாக நகர்வதை ஓரளவு கண்டுகொண்டார். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் கண்ணில் ஏறத்தாழ 2 பாகை. ஒரு நொடியில் அப்படி ஐந்து விரல் அகலத்துக்கு மேல் நகரும் எதுவும் அவருக்கு அசைவாகத் தெரியவில்லை, இடம் மாறியதாக மட்டுமே தெரிந்தது. தெருவில் நம் எதிரே போவது வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த வேகத்தைத் தாண்டியவைதான்.

அசைவு என்பது தனி உணர்வு

நம்மில் பலர் கண்ணை ஒரு வீடியோ கேமரா மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். படம் படமாக உள்ளே போகிறது, முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டு எது நகர்ந்தது என்று மூளை கண்டுபிடிக்கிறது என்று எண்ணம். அப்படியே நடந்தால், பொருள்களின் இடத்தைச் சரியாகப் பார்க்கும் ஒருவருக்கு அசைவும் தெரிந்தே ஆக வேண்டும். எல்.எம்.முக்கு இடம் தெரிந்தது, அசைவு தெரியவில்லை. ஆகவே அசைவு, இடத்திலிருந்து கணக்குப் போட்டு வருவது அல்ல. நிறம் எப்படித் தனி உணர்வோ, அப்படி அசைவும் தனி உணர்வு.

இதற்கு நோயாளியைத் தேடிப் போக வேண்டியதில்லை, நம் தலைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அருவி ஒன்றை, தண்ணீர் விழும் இடத்தில் ஒரே புள்ளியில் கண்ணை நிறுத்தி அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு பக்கத்துப் பாறைக்குப் பார்வையைத் திருப்புங்கள். பாறை மெல்ல மேலே ஏறுவது போல் தெரியும். 1834இல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் ஆடம்ஸ் இதைக் கவனித்து எழுதினார். அருவி இல்லாவிட்டால் படம் முடிந்து கீழிருந்து மேலே பெயர்கள் ஓடும் திரையை உற்றுப் பார்த்தாலும் போதும். அவை நின்றதும் திரை கீழே இறங்குவது போலிருக்கும்.

இதில் வியப்பானது ஒன்று உண்டு. பாறை ஏறுகிறது, ஆனால் ஏறி எங்கும் போய்ச் சேருவதில்லை. பக்கத்தில் இருக்கும் செடிக்கு நேராக இருந்த விளிம்பு அதே செடிக்கு நேராகத்தான் இருக்கிறது. இடம் மாறாமல் அசைவு மட்டும் தெரிகிறது. எல்.எம்.முக்கு இடம் மாறியது, அசைவு தெரியவில்லை. நமக்கு அந்தச் சில நொடிகளில் அசைவு தெரிகிறது, இடம் மாறவில்லை. இரண்டும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் அறியேன். கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதால், இந்தக் கட்டுரையில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்.

ஏன் அப்படித் தெரிகிறது? கீழ்நோக்கிய அசைவுக்கென்று சில நரம்பணுக்கள், மேல்நோக்கிய அசைவுக்கென்று சில. அசையாத பொருளைப் பார்க்கும்போது இரண்டு தரப்பும் சமமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அருவியை வெகுநேரம் பார்த்ததில் கீழ்நோக்கிய தரப்பு சலித்துப்போகிறது. பாறையைப் பார்க்கும்போது அது வழக்கத்தைவிட அடங்கியிருக்க, மேல்நோக்கிய தரப்பின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. அதைத்தான் பாறை ஏறுவதாக உணர்கிறோம்.

ஒரு நரம்பணுவுக்கு அசைவு எப்படித் தெரியும்?

ஒரு நரம்பணுவால் திசையைக் கண்டுபிடிக்க முடியும் என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். உள்ளே இருக்கும் தந்திரம் எளியது. ஒரு நீண்ட நடைவழியில் இரண்டு வாசல்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு காவலர். தன் வாசலை யாராவது கடந்தால் உடனே மணியடிப்பவருக்குச் சேதி அனுப்ப வேண்டும். இடப்பக்கக் காவலரின் ஆள் மெதுவாக நடப்பவர், சேதி தாமதமாகத்தான் சேரும். வலப்பக்கக் காவலரின் ஆள் ஓடுபவர், உடனே சேர்ந்துவிடும். இரண்டு சேதிகளும் ஒரே நேரத்தில் வந்தால் மட்டுமே மணி அடிக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஒருவர் இடமிருந்து வலமாக நடந்தால், முதலில் புறப்பட்ட மெதுவான சேதியும் பின்னால் புறப்பட்ட வேகமான சேதியும் சேர்ந்து வந்து நிற்கும். மணி அடிக்கும். வலமிருந்து இடமாக நடந்தால் வேகமான சேதி எப்போதோ வந்துவிடும், மெதுவான சேதி இன்னும் பிந்தும். மணி அடிக்காது. ஆக, அந்த மணி இடமிருந்து வலம் போகும் அசைவுக்கான மணி. ஒரு கண்ணில் விழும் இரண்டு அடுத்தடுத்த புள்ளிகள், ஒன்றின் சமிக்ஞையில் சிறு தாமதம், இரண்டும் சேர்ந்தால் துடிக்கும் ஒரு நரம்பணு. ஹாசென்ஸ்டைன், ரைஹார்ட் என்ற இரண்டு ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 1950களில் ஒரு வண்டினத்தை வைத்து இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். விவரங்கள் உயிருக்கு உயிர் மாறினாலும் தாமதமும் ஒப்பீடும் என்ற அடிப்படை பல இடங்களில் காணப்படுகிறது.

மணியடிப்பவருக்குப் போனவர் யார் என்று தெரியாது, என்ன நிறச் சட்டை என்று தெரியாது. யாரோ இந்தப் பக்கம் போனார்கள் என்பது மட்டுமே தெரியும். அதே மாதிரி, முகத்தை அறியும் இடத்துக்கு முகம் தெரியும், அது எந்தப் பக்கம் போகிறது என்பது அதன் கவலை இல்லை. மூளையில் வேலைகள் இப்படிப் பிரிந்து கிடப்பதால்தான் ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கிறது.

கண்ணிலிருந்து வரும் சமிக்ஞைகள் முதலில் தலையின் பின்பக்கத்தில், பிடரி மடலில் உள்ள முதல் பார்வைப் பகுதிக்கு வந்து சேர்கின்றன. ஆய்வாளர்கள் அதை வி1 என்கிறார்கள். அங்கேயே திசையறியும் நரம்பணுக்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல் மிகச் சிறிய பரப்பை மட்டுமே பார்க்கிறது. சாவித்துவாரத்தில் ஒரு சாய்ந்த கோடு மட்டும் தெரிந்தால், அது பக்கவாட்டில் போகிறதா, மேலே போகிறதா என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான சாவித்துவாரங்களின் சேதிகளை ஒன்றுசேர்த்து, இது ஒரே கார், இந்தப் பக்கம் வருகிறது, இவ்வளவு வேகத்தில் வருகிறது என்று முடிவு செய்ய வேறொரு இடம் வேண்டும்.

அந்த இடம் காதுக்குச் சற்றுப் பின்னால், சற்று மேலே, இரண்டு பக்கமும் இருக்கிறது. பெயர் வி5, எம்டி என்றும் சொல்வார்கள். லண்டனில் செமிர் செக்கி 1970களின் தொடக்கத்தில் குரங்குகளின் மூளையில் இந்தப் பகுதியை ஆராய்ந்தபோது, அங்குள்ள நரம்பணுக்களில் பெரும்பாலானவை குறிப்பிட்ட திசை அசைவுக்குத் துடிப்பதையும் நிறத்தைப் பொருட்படுத்தாததையும் கண்டார். எல்.எம்.மின் சேதம் மனித மூளையில் இதற்கு இணையான இடத்தைச் சுற்றி, இரு பக்கமும் விழுந்திருந்தது. அகினிடாப்சியா என்ற பெயரை 1991இல் வைத்தவரும் செக்கிதான்.

காரணமா, தற்செயலா?

ஒரு நோயாளியை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயம். எல்.எம்.மின் சேதம் வி5ஐத் தாண்டியும் பரவியிருந்தது. அதனால் வேறு சோதனைகள் தேவைப்பட்டன.

1988இல் அமெரிக்காவில் வில்லியம் நியூசோமும் எட்மண்ட் பாரேயும் குரங்குகளின் இந்தப் பகுதியில் சிறு சேதத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். திரையில் புள்ளிகள் தாறுமாறாகப் பறக்கும், நடுவே சில மட்டும் ஒரே திசையில் போகும். எந்தத் திசை என்று குரங்கு சொல்ல வேண்டும். முன்பு மிகச் சில புள்ளிகள் சேர்ந்து போனாலே கண்டுபிடித்த குரங்குக்கு, சேதத்துக்குப் பிறகு பல மடங்கு புள்ளிகள் தேவைப்பட்டன. மங்கலான கோடுகளைப் பார்க்கும் திறன் மாறவில்லை. 1990இல் நியூசோமின் குழு இன்னும் ஒரு படி போனது. மேல்நோக்கிய அசைவுக்கான நரம்பணுக்கள் கூட்டமாக இருக்கும் ஒரு புள்ளியில் மெல்லிய மின்சாரத்தைக் கொடுத்தால், குரங்கு மேல்நோக்கித்தான் போகிறது என்று அடிக்கடி சொல்லத் தொடங்கியது. அந்த அணுக்களைத் தூண்டினால் தீர்ப்பே மாறுகிறது என்றால் அவை அசைவைப் பார்ப்பதற்குக் காரணமாகவே இருக்கின்றன.

மனிதர்களிலும் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பை வி5 மேல் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சொற்பக் கணத்துக்கு, நல்ல மூளை உள்ளவருக்கும் அசைவின் திசையைச் சொல்லும் திறன் குறைகிறது. பிறகு பழையபடி திரும்பிவிடுகிறது.

அப்புறம், எதிர்த்திசையிலிருந்து ஒரு சாட்சி. முதல் உலகப் போரில் தலையின் பின்பக்கம் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்த பிரிட்டிஷ் மருத்துவர் ஜார்ஜ் ரிடாக், 1917இல் ஒரு வினோதத்தை எழுதினார். வி1 சேதப்பட்டதால் பார்வைப் புலத்தின் ஒரு பகுதியை இழந்த சிலருக்கு, அங்கே அசையாமல் வைத்த பொருள் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஏதாவது அசைந்தால் தெரிந்தது. வடிவம் இல்லை, நிறம் இல்லை, ஏதோ அசைகிறது என்ற உணர்வு மட்டும். எல்.எம்.மின் நிலைக்கு நேர் எதிர். பிற்காலத்தில் ஜி.ஒய். என்று குறிக்கப்படும் ஒருவர், 8 வயதில் சாலை விபத்தில் இடது வி1ஐ இழந்தவர், தன் குருட்டுப் பக்கத்தில் வேகமாக நகர்வதன் திசையைச் சரியாகச் சொன்னார். அப்போது அவர் மூளையை ஸ்கேன் செய்தபோது வி5 வேலை செய்துகொண்டிருந்தது. வி1ஐத் தொடாமல் குறுக்குவழியாகவும் சில சமிக்ஞைகள் வி5ஐ அடைகின்றன என்பதே இதற்கு விளக்கம். வடிவம் போய் அசைவு நிற்கலாம், அசைவு போய் வடிவம் நிற்கலாம். இரண்டு பக்கமும் ஆள் கிடைத்த பிறகு, இவை வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதில் சந்தேகம் குறைந்துவிட்டது.

எல்லா அசைவும் ஒன்றல்ல

இதற்கு மேல்தான் விஷயம் சிக்கலாகிறது, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

இருட்டில் ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் சிறு விளக்குகளைக் கட்டி நடக்கச் சொன்னால், நாம் பார்ப்பது பத்துப் பதினைந்து ஒளிப்புள்ளிகளை மட்டும்தான். அவர் நின்றிருக்கும்போது அது ஏதோ புள்ளிக் கூட்டம். ஒரு அடி எடுத்து வைத்த உடனே மனிதர் நடக்கிறார் என்று தெரிந்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் யோஹான்சன் 1973இல் இதைக் காட்டினார். இந்த நடமாடும் புள்ளிகளை எல்.எம்.முக்குக் காட்டியபோது, அசைவுக் குருடான அவர், அது நடக்கும் மனிதர் என்று அடையாளம் கண்டார்! உயிருள்ள உடலின் அசைவைப் படிக்க வி5ஐ மட்டும் நம்பியிராத வேறு வழி ஒன்று மூளையில் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் புள்ளிகளுக்கிடையே வேறு புள்ளிகளைத் தூவிக் குழப்பினால் அவரால் முடியவில்லை. நிஜ உலகம் அப்படித் தூவிய புள்ளிகளால் நிறைந்தது, அதனால் இந்தத் திறன் தெருவில் அவருக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

இன்னொரு வகை அசைவு, நாம் நகர்வதால் உண்டாவது. நடக்கும்போது முழுக் காட்சியும் நம்மை நோக்கி விரிந்து இரு பக்கமும் ஒழுகிப் போகிறது. நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை அந்த ஒழுக்கிலிருந்தும் அறிகிறோம். வி5க்கு அடுத்த ஒரு பகுதி இதைக் கவனிக்கிறது.

கண்ணையே திருப்பும்போது என்ன ஆகிறது என்பது அதைவிட நுட்பமானது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் வெளி ஓரத்தை இமைக்கு மேலாக மிக மென்மையாகத் தொட்டு அசைத்தால் உலகமே ஆடுவது போல் தெரியும். ஆனால் அதே கண்ணை நாமாக இடமும் வலமும் திருப்பினால் உலகம் ஆடாமல் நிற்கிறது. விழித்திரையில் இரண்டு முறையும் காட்சி நகர்ந்தது. இரண்டாவது முறை, கண்ணைத் திருப்பியது நான்தான் என்று மூளைக்குத் தெரியும். அந்த அளவு அசைவைக் கழித்துவிடுகிறது. 1997இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஹார்மையரும் டீரும் எழுதிய ஆர்.டபிள்யூ. என்ற நோயாளிக்கு இந்தக் கழித்தல்தான் போய்விட்டது. மூளையின் பின்பகுதியில் இரு பக்கமும் சேதம். நகரும் ஒன்றைக் கண்ணால் பின்தொடர்ந்தால், அசையாமல் நிற்கும் சுவரும் மரமும் எதிர்த்திசையில் ஓடுவதாக அவருக்குத் தெரியும், தலை சுற்றும். எல்.எம்.முக்கு உலகம் உறைந்தது. ஆர்.டபிள்யூ.வுக்கு உலகம் நிற்க மறுத்தது. அசைவைப் பார்ப்பது போலவே அசையாமையைப் பார்ப்பதற்கும் மூளை உழைக்க வேண்டியிருக்கிறது.

சின்ன அளவில், சந்தேகப்படாத இடங்களில்

எல்.எம். அளவுக்கு முழுமையான இழப்புக்கு இரண்டு பக்கமும் சேதம் வேண்டும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் தாக்கும். ஒரு பக்கத்து வி5 மட்டும் போனால் எதிர்ப்பக்கப் பார்வையில் அசைவறிதல் சற்று மந்தமாகும், சோதித்தால்தான் தெரியும். நோயாளியே கவனிக்காமல் போகலாம்.

இன்னொரு வடிவத்தில் அசைவு முழுக்க மறைவதில்லை, துண்டு துண்டாகிவிடுகிறது. கையை ஆட்டினால் பல கைகள் வரிசையாக நிற்பது போலவும், பின்னால் வால் நீள்வது போலவும் தெரியும். ஒற்றைத் தலைவலியின்போதும் வலிப்பு நோயிலும் சிலருக்கு இப்படி வந்து போவதுண்டு. சில மருந்துகளாலும் வரும். நெஃபசோடோன் என்ற மன அழுத்த மருந்தை எடுத்தவர்களிடம் இது பதிவாகியிருக்கிறது, மருந்தைக் குறைத்ததும் சரியானது. அல்சைமர் நோயிலும், குறிப்பாக மூளையின் பின்பகுதியை முதலில் தாக்கும் வகையில், அசைவறியும் திறன் குறைவதுண்டு. நன்றாகத் தெரிந்த இடத்திலேயே வழி தவறுவதற்கு நினைவு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நடக்கும்போது கண்முன் ஒழுகும் காட்சியைப் படிக்க முடியாததும் அதில் சேரும்.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. கண் மருத்துவரின் எழுத்துப் பலகை அசையாது. நிறச் சோதனை அட்டையும் அசையாது. இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கி, கண் நன்றாக இருக்கிறது என்ற சான்றோடு ஒருவர் வீடு திரும்பலாம். அங்கே கோப்பை வழிந்தால் கவனக்குறைவு என்பார்கள், கூட்டத்தில் நின்றுவிட்டால் பயந்த சுபாவம் என்பார்கள். அவராலும் விளக்க முடியாது. ஏனென்றால் நகர்வது தெரியவில்லை என்று சொல்லும் வாக்கியம் நம் யார் வாயிலும் இயல்பாக வருவதில்லை. அந்தக் குறை இருக்கக்கூடும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. தலையில் அடிபட்ட பிறகோ பக்கவாதத்துக்குப் பிறகோ ஒருவர் ஆட்கள் திடீரென்று தோன்றுகிறார்கள், வண்டி குதித்துக் குதித்து வருகிறது, தண்ணீர் அளவு பிடிபடவில்லை என்று எந்த வார்த்தையில் சொன்னாலும் அதை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென்று முதல் முறையாக இப்படி ஆனால் அதைப் பக்கவாதம் போலவே கருதி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திரும்பி வருமா?

காரணத்தைப் பொறுத்தது. மருந்தால் வந்தது மருந்தோடு போகலாம், தலைவலியோடு வந்தது தலைவலியோடு போகும். குரங்குகளில் செய்த சிறு சேதங்கள் சில வாரங்களில் பெரிதும் சரியாகின, அக்கம்பக்கத்துப் பகுதிகள் வேலையை ஏற்றுக்கொண்டன. எல்.எம்.முக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோதும் அசைவுப் பார்வை ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. அவருடைய சேதம் பெரியது, இரு பக்கமும் இருந்தது, இடையே ஓடும் நரம்பு இழைகளையும் தொட்டிருந்தது.

அதனால் அவர் வேறு வழிகளைப் பிடித்துக்கொண்டார். தெருவில் காரின் தூரத்தைக் கண்ணால் அல்லாமல் ஒலியால் அளக்கப் பழகினார். மெல்ல மெல்ல அதில் தேர்ந்தார்.

அப்படிப்பட்ட ஒருவரோடு இருப்பவர்களுக்கும் செய்ய முடிந்தது உண்டு. அறைக்குள் வரும்போது ஒரு வார்த்தை பேசிக்கொண்டே வரலாம், அப்போது நீங்கள் திடீரென்று முளைக்க மாட்டீர்கள், குரல் உங்களை வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு வரும். தேநீரைப் பொறுத்தவரை, கோப்பை நிறைய நிறைய ஊற்றும் ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை ஊற்றிக் கேட்டுப் பாருங்கள். மட்டம் ஏறுவது காதுக்குத் தெரியும்.